மே மாத ரம்பமும் ஜூன் மாத மழையும்

புது தில்லி: கோடை முடிகிற தருணத்தில் மும்பையின் குடியிருப்பு வளாகங்களில் ரம்ப ஓசை கேட்கத் தொடங்கிவிடும். பருவமழைக்கு முன்பு மரங்களைக் கவாத்து செய்துவிட வேண்டும் என்று மாநகராட்சி எச்சரிக்கை விடுக்கும். கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கங்களின் நிர்வாகக் குழுக்கள் அவசர அவசரமாக ஆள் தேடும். அரிவாளும் கயிறுமாக வருகிறவர்கள் இரண்டே நாளில் வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அதற்குப் பிறகு அந்த வளாகத்தில் நிற்பவை மரங்களா, கம்பங்களா என்ற ஐயம் பார்ப்பவருக்கு எழும்.

2025-இல் இந்த ஏற்பாட்டையும் மழை முந்திக்கொண்டது. வழக்கமாக ஜூன் 11-ஆம் தேதி வாக்கில் மும்பையை எட்டும் தென்மேற்குப் பருவமழை, அந்த ஆண்டு மே 26-ஆம் தேதியே வந்து சேர்ந்தது. பதிவேடுகள் அறிந்த வரையில் அந்நகருக்குப் பருவமழை அவ்வளவு முன்கூட்டி வந்ததில்லை. மே மாதக் கடைசி நாளைக் கெடுவாக வைத்துக்கொண்டு மரம் வெட்டுகிற வழக்கம் எவ்வளவு பலவீனமானது என்பதை அந்த ஒரு வாரம் காட்டிக் கொடுத்தது.

இது வெறும் தோட்டக்காரர் விவகாரமன்று, உயிர் சம்பந்தப்பட்டது. 2017 ஜூலையில் செம்பூரில் நடந்து சென்றுகொண்டிருந்த பெண்மணி ஒருவர் மீது தென்னை மரம் சாய்ந்தது. கண்காணிப்புக் கேமராவில் பதிவான அந்தக் காட்சியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. இரு நாள்களில் அவர் உயிரிழந்தார். அந்த மரத்தை அகற்ற அனுமதி கேட்கப்பட்டும் மாநகராட்சி மறுத்துவிட்டது என்ற புகார் அப்போது எழுந்தது. 2020 ஆகஸ்டில் கொலாபாவில் மணிக்கு 100 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் காற்று வீசியது. அடுத்த ஆண்டு மே மாதம் டவ்தே புயல் கடற்கரையை ஒட்டிச் சென்றது. இரு முறையும் நூற்றுக்கணக்கான மரங்கள் வேரோடு பெயர்ந்தன அல்லது முறிந்தன. தில்லியும் தப்பவில்லை. 2022 மே 30-ஆம் தேதி மாலை தலைநகரைத் தாக்கிய சூறைக்காற்றில் சாலைகள்தோறும் மரங்கள் சாய்ந்து கிடந்தன.

மும்பையின் மரங்கள் என்றதும் அரசியல் ஆர்வமுள்ளவர்களுக்கு ஆரே நினைவுக்கு வரும். 2019 அக்டோபரில் மெட்ரோ ரயில் பணிமனைக்காக 2,141 மரங்கள் இரவோடு இரவாக வெட்டப்பட்டதும், உச்ச நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்ததும், அது ஆட்சி மாற்றம் வரை பேசப்பட்டதும் தெரிந்த கதை. ஆனால் ஆண்டுதோறும் மே மாதத்தில், எந்தக் கட்சிக்கொடியும் இல்லாமல், குடியிருப்போரின் சம்மதத்தோடும் செலவிலும் சிதைக்கப்படும் மரங்களைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. அவை வெட்டப்பட்டவையாகக் கணக்கில் வருவதுமில்லை. அடிமரம் நிற்கிறதே!

யாருடைய மரம்?

மும்பை மாநகராட்சி கடந்த பதிற்றாண்டில் நடத்தி முடித்த மரக் கணக்கெடுப்பின்படி நகரில் உள்ள மரங்கள் ஏறத்தாழ 29 லட்சத்து 75 ஆயிரம். இவற்றில் சாலையோரம் நிற்பவை 2 லட்சத்துக்கும் குறைவு. பாதிக்கு மேற்பட்டவை தனியார் வளாகங்களுக்குள் நிற்கின்றன. இந்தக் கணக்கை மனத்தில் கொண்டால்தான் பிரச்னையின் அளவு புரியும். சாலையோர மரங்களை மாநகராட்சியே தன் ஒப்பந்ததாரர்களைக் கொண்டு கவாத்து செய்கிறது. வளாகத்து மரங்களுக்கு அந்தந்தச் சங்கமே பொறுப்பு. வார்டு அலுவலகத்தின் தோட்டப் பிரிவில் விண்ணப்பித்து, அவர்கள் வந்து பார்வையிட்ட பிறகு அனுமதி பெற்று, செலவையும் சங்கமே ஏற்க வேண்டும். அதாவது நகரத்து மரங்களில் பெரும் பகுதியின் தலைவிதி, நிர்வாகக் குழுவின் கௌரவச் செயலாளர் ஒருவரின் கையில் இருக்கிறது. அவர் வங்கி ஊழியராகவோ, ஓய்வு பெற்ற ரயில்வே அதிகாரியாகவோ இருக்கலாம். மரத்தைப் பற்றி அவருக்கு யாரும் எதுவும் சொல்லித் தந்ததில்லை.

அவருக்கு வரும் நெருக்கடிகளோ பலவகை. முதல் மாடிக்காரருக்கு வெளிச்சம் வேண்டும். நான்காம் மாடிக்காரருக்குக் கைப்பேசி சமிக்ஞை வேண்டும். காரின் மீது பறவை எச்சம் விழக் கூடாது. நாவற்பழம் சிந்திக் கறை படியக் கூடாது. மழைக்கால ஆபத்து என்ற ஒரே காரணத்தின் நிழலில் இத்தனை கோரிக்கைகளும் நுழைந்துவிடுகின்றன. ஏறுகிறவனிடம் 'நன்றாக வெட்டிவிடு' என்று சொல்லப்படுகிறது. எவ்வளவு கிளை கீழே விழுந்தது என்பதைக் கொண்டே வேலை மதிப்பிடப்படுகிறது.

மொட்டையடித்தால் என்ன நேரும்?

ஆபத்தைக் குறைப்பதற்காகச் செய்யப்படும் மொட்டையடிப்பே சில ஆண்டுகளில் ஆபத்தைப் பெருக்குகிறது என்பதுதான் இதில் வேதனையான முரண்பாடு.

மரத்தின் உச்சியையும் பெருங்கிளைகளையும் பாதியில் வெட்டிவிட்டால், வெட்டுவாயின் அடியிலிருந்து நீர்ப்போத்துகள் கொத்தாகக் கிளம்பும். ஒரே மழைக்காலத்தில் ஆள் உயரத்துக்கு மேல் வளரும். பார்வைக்கு மரம் மீண்டும் தழைத்ததுபோல் தோன்றும். ஆனால் இயல்பாக வளர்ந்த கிளை, தண்டின் உட்கட்டையோடு ஆண்டுக்கணக்கில் பின்னிப் பிணைந்து நிற்பது. இந்தப் போத்துகளோ பட்டைக்குக் கீழிருந்து புறப்பட்டு மேலோட்டமாக ஒட்டிக்கொண்டிருப்பவை. ஒட்டிய இடத்தில் வெட்டுவாய் வழியாக அழுகலும் இறங்கிக்கொண்டிருக்கும். நான்கைந்து ஆண்டுகளில் இவை கனத்த கிளைகளாகிவிடும். அடுத்து வரும் சூறைக்காற்றில் முதலில் முறிந்து விழுபவை இவைதான். அப்போது 'போன முறை போதுமான அளவு வெட்டவில்லை' என்று சொல்லி இன்னும் கடுமையாக வெட்டுவார்கள்.

மரத்துக்குக் காயம் ஆறுவதில்லை. மனித உடலில் புதுத் தோல் பழைய இடத்தில் வளர்வதுபோல் மரத்தில் நடப்பதில்லை. சேதமான பகுதியைச் சுற்றி அது சுவர் எழுப்பி, அழுகல் பரவாமல் அடைத்துவிட்டு, அதன்மேல் புதுக்கட்டையை வளர்த்துக்கொள்கிறது. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ என்ற அறிவியலாளர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாட்டில் அறுத்துப் பார்த்து 1970-களில் விளக்கிய உண்மை இது. மரம் தானே சுவர் எழுப்புவதற்கென்று ஓரிடம் வைத்திருக்கிறது. கிளை தண்டோடு சேருமிடத்தில் மோதிரம்போல் சற்றுப் புடைத்திருக்கும் பகுதிதான் அது. அந்தப் புடைப்புக்கு வெளியே, அதைத் தொடாமல் வெட்டினால் காயம் சில ஆண்டுகளில் வட்டமாக மூடிக்கொள்ளும். தண்டோடு சேர்த்து வழித்து வெட்டினால் அந்த அரண் போய்விடும். முழ நீளத்துக்குக் குச்சி விட்டு வெட்டினாலோ அந்தக் குச்சி காய்ந்து, அழுகி, தண்டுக்குள் நோயை அழைத்துச் செல்லும் பாதையாகிவிடும். மும்பைச் சாலைகளில் இவ்விரு வகையும் தாராளமாகக் காணக் கிடைக்கின்றன.

கனத்த கிளையை ஒரே வெட்டில் வீழ்த்தக் கூடாது என்பதும் இதிலிருந்து பெறப்படுவதே. முதலில் தண்டிலிருந்து ஓர் அடி தள்ளிக் கிளையின் அடிப்பக்கத்தில் சிறிது அறுக்க வேண்டும். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் கிளையின் பாரம் முறிந்து விழுந்துவிடும். எஞ்சிய குச்சியை மூன்றாவதாகப் புடைப்பின் ஓரத்தில் நிதானமாக அறுத்தெடுக்க வேண்டும். இல்லையேல் விழுகிற கிளை தண்டின் பட்டையை முழக்கணக்கில் உரித்துக்கொண்டு போகும். வெட்டுவாயில் தார் அல்லது வண்ணம் பூசுகிற பழக்கத்தால் பயனில்லை என்பதையும் ஷைகோவின் ஆய்வுகள் காட்டின. மழை மிகுந்த ஊரில் அந்தப் பூச்சுக்கு அடியில் ஈரம் தேங்குவதற்கே அது உதவும். வெட்டு மேல்நோக்கித் தட்டையாக இருந்தாலும் கேடுதான். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் நகரில், அது நீர் தேங்கும் கிண்ணம்போல் ஆகிவிடுகிறது.

மற்றொரு தவறு, வெளிப்பார்வைக்கு நல்ல வேலைபோலத் தோன்றுவது. கிளைகளின் உட்புறத்துச் சிறு கிளைகளையும் இலைகளையும் முழுவதும் களைந்துவிட்டு நுனியில் மட்டும் கொத்தாக விட்டுவிடுகிறார்கள். காற்று உள்ளே புகுந்து போகட்டும் என்பது வாதம். ஆனால் காற்றில் கிளையின் ஆட்டத்தைத் தணிப்பவை அந்த உட்கிளைகளே. அவை போனபின் பாரம் முழுவதும் நுனியில் சேர்ந்து, கிளை சாட்டைபோல் வீசப்படுகிறது. கட்டடத்தை ஒட்டிய பக்கத்தை மட்டும் மழித்துவிடுவது இதைவிட மோசம். மரத்தின் பாரமெல்லாம் சாலைப்பக்கம் சாய்ந்து, விழும்போது அப்பக்கமே விழும். கட்டடம் தப்பிக்கும், வழிப்போக்கர்தான் அகப்படுவார்.

எத்தனை வெட்டலாம் என்பதற்கு உலகெங்கும் மரவியலார் ஏற்றுக்கொண்ட பொது வரம்பு ஒன்று உண்டு. ஓராண்டில் உயிருள்ள இலைப்பரப்பில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. முதிர்ந்த மரமானால் அதனினும் குறைவாக எடுக்க வேண்டும். முதலில் அகற்றப்பட வேண்டியவை காய்ந்தவை, நோயுற்றவை, ஒன்றோடொன்று உரசுபவை. இரு பெருங்கவைகள் குறுகிய கோணத்தில் நெருங்கி நடுவில் பட்டை சிக்கிக்கொண்டிருந்தால் அவற்றில் ஒன்றைப் படிப்படியாகக் குறுக்க வேண்டும். இப்படிச் செய்தால் கீழே விழும் குப்பை குறைவாகவே இருக்கும். அதைக் கண்டு 'இதற்கா இவ்வளவு கூலி?' என்று கேட்கும் உறுப்பினர் ஒவ்வொரு சங்கத்திலும் இருப்பார்.

தென்னையைப் பொறுத்தவரை நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்த மட்டையையும் முற்றிய குலையையும் பன்னாடையையும் இறக்கினாலே போதும். ஆனால் மும்பையில் பச்சை மட்டைகளையும் வெட்டி, நடுக்குருத்தைச் சுற்றி நாலே மட்டைகளோடு விட்டுவிடுகிறார்கள். தென்னைக்குக் கிளை கிடையாது; மட்டைகளே அதன் சமையற்கூடம். ஆண்டுதோறும் அதைப் பறித்தால் தண்டு மேலே போகப்போக மெலிந்துகொண்டே போகும்.

பருவம் தவறிய வேலை

மே மாதம் ஏன் தவறு என்பதற்கு மரமே பதில் சொல்லும். மும்பையின் மரங்கள் பல பிப்ரவரி, மார்ச்சில் இலையுதிர்த்து ஏப்ரல், மே மாதங்களில் தளிர்க்கின்றன. குல்மோஹர் அப்போது பூத்துக் குலுங்கும். சேமித்து வைத்த உணவையெல்லாம் செலவிட்டுத் தளிர்விட்ட மறுவாரமே அந்தத் தளிர்களை வெட்டிவிட்டால் மரத்தின் கையிருப்பு காலியாகிறது. அடுத்த இரு வாரங்களில் மழை தொடங்கி, காளான் விதைகள் காற்றெங்கும் பரவும் நேரத்தில், மூடப்படாத வெட்டுவாய்களோடு மரம் நிற்கிறது. மழை விலகிய பின், நவம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள வறண்ட மாதங்களில் செய்தால் காயத்துக்கு ஆறு மாத அவகாசம் கிடைக்கும். புற்றுநோய்போல் பரவிய மாவுப்பூச்சித் தாக்குதலில் மும்பையின் தூங்குமூஞ்சி மரங்கள் பல பட்டுப்போன அனுபவம் உண்டு. நலிந்த மரத்துக்கே பூச்சி எளிதில் எமனாகிறது.

பறவைகளின் கணக்கும் இருக்கிறது. கோடையில் காகங்களும் மழைக்காலத்தில் கொக்கு, நாரை இனங்களும் நகரத்து மரங்களில் கூடு கட்டுகின்றன. 2022 செப்டம்பர் தொடக்கத்தில் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்காக ஒரு மரம் வீழ்த்தப்பட்டபோது, கூடுகளிலிருந்து குஞ்சுகள் கொத்துக்கொத்தாகத் தார்ச்சாலையில் விழுந்து மடிந்தன. அந்தக் காணொளி வழக்குப் பதிவு வரை கொண்டு சென்றது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குள் பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் குலைப்பதும் அடங்கும். மே மாதக் கவாத்துக்குக் கையெழுத்திடும் செயலாளர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சட்டம் இருக்கிறது, மரவியலார் இல்லை

மகாராஷ்டிரத்தில் நகர்ப்புற மரங்களுக்கான சட்டம் 1975-இலேயே வந்துவிட்டது. மரத்தை வெட்டுவது மட்டுமன்றி, எரிப்பதும் எவ்வகையிலேனும் சேதப்படுத்துவதும் அதன்படி குற்றமே. 2021-இல் செய்த திருத்தம், 50 ஆண்டுகளைக் கடந்த மரங்களைப் பாரம்பரிய மரங்கள் என்று அறிவித்துக் கூடுதல் பாதுகாப்பு அளித்தது. தில்லிக்கு 1994-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம். அதில் கிளை கழிப்பதும் மொட்டையடிப்பதும்கூட 'மரத்தை வீழ்த்துதல்' என்ற வரையறைக்குள் வருகின்றன. இருந்தும் தில்லி அரசின் வழிகாட்டு நெறிகள் 15.7 செ.மீ. சுற்றளவு வரையுள்ள கிளைகளை அனுமதியின்றியே வெட்டலாம் என்றன. சுற்றளவு 15.7 என்றால் விட்டம் 5 செ.மீ. அத்தனை சிறு கிளைகளையும் ஒன்றுவிடாமல் கழித்தால் மரத்தில் மிஞ்சுவது எலும்புக்கூடுதான். சட்டம் தராத விலக்கை வழிகாட்டு நெறி தர முடியாது என்று கூறி 2023 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றம் அந்த நெறிகளை ரத்து செய்தது.

சட்டப்படி சரியான தீர்ப்பு. ஆனால் நடைமுறையில் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. தில்லிச் சட்டப்படி விண்ணப்பத்தின் மீது முடிவெடுக்க மர அதிகாரிக்கு 60 நாள் அவகாசம் உண்டு. ஏப்ரல் இறுதியில் கேட்டவருக்கு ஜூன் இறுதியில்தான் பதில் வரும். ஆபத்தான கிளைக்கும் அழகுக்கான வெட்டுக்கும் ஒரே வரிசை என்றால், செம்பூரைப்போல் ஓர் உயிர் போகும்போது இரு தரப்பும் கோப்பைக் காட்டித் தப்பிக்கும். அனுமதியே வேண்டாம் என்பதும் தீர்வன்று. எல்லாவற்றுக்கும் இரண்டு மாதம் என்பதும் தீர்வன்று. பார்வையிட வருபவருக்கு மரத்தைப் படிக்கத் தெரிந்திருந்தால் பாதிப் பிரச்னை தீரும். கட்டடத்துக்குக் கட்டமைப்புப் பொறியாளரின் சான்றிதழ் கேட்கும் மாநகராட்சிகள், அதே கட்டடத்தின் வாசலில் நிற்கும் 15 மீட்டர் மரத்தை அரிவாள் எடுத்தவரெல்லாம் வெட்டலாம் என்று விட்டுவிடுவது என்ன நியாயம்? மின்கம்பிகளுக்கு நடுவே, தலைக்கவசமும் இடுப்புப் பட்டையும் இல்லாமல் ஏறுகிற அந்தத் தொழிலாளியின் உயிரைப் பற்றியும் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருப்பதில்லை.

மண்ணுக்கு அடியில்

மழைக்காலத்தில் விழும் மரங்களில் கிளை முறிபவை ஒரு பகுதி. வேரோடு சாய்பவை மறு பகுதி. இரண்டாவதை எந்தக் கவாத்தும் தடுக்காது. வண்டி நிறுத்துவதற்காக அடிமரம் வரை கான்கிரீட் போடுகிறார்கள். குடிநீர்க் குழாய்க்கும் கேபிளுக்கும் ஒரு பக்கத்து வேரை முழுவதும் அறுத்துவிட்டு மண்ணைத் தள்ளி மூடுகிறார்கள். பழைய கட்டடத்தை இடித்துப் புதுப்பிக்கும் பணி நடந்தால் அடித்தள அகழ்வு அடுத்த வளாகத்து வேரையும் தின்றுவிடும். நான்கு நாள் தொடர்மழையில் மண் குழைந்ததும் ஊன்றுகோல் இல்லாத மரம் சாய்கிறது. அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தில்லி அமைப்புகளுக்கு 2013 ஏப்ரலில் உத்தரவிட்டது. தலைநகரின் குடியிருப்புகளில் நடந்து பார்த்தால், அந்த உத்தரவு எட்டாத மரங்களை இன்றும் எண்ணலாம்.

வெட்டிய கிளைகளும் இலைகளும் எங்கே போகின்றன என்பது இன்னொரு கேள்வி. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே தோட்டக் கழிவைத் தெருவில் எறியக் கூடாது, எரிக்கக் கூடாது, வளாகத்திலேயே பிரித்து வைக்க வேண்டும் என்று கூறின. இலையைக் குழியிலிட்டு மக்கவைத்து அதே மரத்தின் அடியில் பரப்பினால் மழையில் மண் அரிப்பும் குறையும். பெரும்பாலான சங்கங்களுக்கு லாரி வைத்து அனுப்புவதுதான் சுலபமாக இருக்கிறது.

சங்கங்கள் செய்யக்கூடியது பெரிய காரியமன்று. வளாகத்து மரங்களுக்கு எண்ணிட்டு ஒரு பதிவேடு வைத்து, மூன்றில் ஒரு பங்கு மரங்களை ஆண்டுக்கொரு முறை முறைவைத்துக் கவாத்து செய்தால் எந்த மரமும் ஒரேயடியாக மொட்டையாகாது, செலவும் பரவும். மகாராஷ்டிரத்தில் வீட்டு வசதிச் சங்கங்களின் ஆண்டுப் பொதுக்குழு செப்டம்பர் 30-க்குள் கூட வேண்டும். வர்ணப் பூச்சுக்கும் மின்தூக்கிக்கும் ஒதுக்குவதுபோல் மரத்துக்கும் ஒரு தொகையை அப்போதே ஒதுக்கிவிடலாம். மரத்தைப் பரிசோதிக்கவும் ஆகஸ்ட், செப்டம்பரே ஏற்ற காலம். உள்ளே அழுகிய மரத்தின் அடியிலும் கவையிலும் தட்டுத்தட்டாகக் காளான்கள் முளைத்து வெளியே தெரிவது அந்த ஈரத்தில்தான். மே மாத வெயிலில் அவற்றில் பல உதிர்ந்து மறைந்துவிடும். அக்டோபர் இரண்டாம் வாரம் மும்பையை விட்டு மழை விலகும்போது விண்ணப்பம் வார்டு அலுவலகத்தில் இருந்தால், 60 நாள் போனாலும் டிசம்பர்தான் ஆகியிருக்கும்.